உன் பெட்டிக்கு நாம் வைத்த புதுக் கிராணி

மச்சான்,

உன் கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத் தகட்டை இன்று காலை கழற்றினேன். தூசிதான் முகத்தில் அடிக்கும் என்று மூக்கைப் பொத்திக்கொண்டு திறந்தால், வந்தது சாம்பிராணி வாசனை. வெள்ளிக்கிழமை தவறாமல் உன் சம்சாரம், என் தங்கச்சி, வீடு முழுக்கக் காட்டிய புகையை எல்லாம் அந்தச் சின்ன விசிறி இழுத்து இழுத்து உள்ளே சேர்த்து வைத்திருக்கிறது. அலுமினியத் தகடுகளுக்கு நடுவில் கறுப்பாகப் பிசுபிசுவென்று, விரலை வைத்தால் ஒட்டுகிறது. என் வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, "என்னாங்க, கம்ப்யூட்டரா இல்ல மாரியம்மன் கோயில் உள்ளறையா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

தங்கச்சி பாரிட் புந்தாரில் மகளோடு இருக்கப் போய்விட்டாள். சாமான்களை லோரியில் ஏற்றிய அன்று உன் மகள்தான் பெட்டியை என் கையில் கொடுத்தாள். "மாமா, தூசி தட்டி வைங்க, அடுத்த தடவ வாரப்ப எடுத்துக்குறேன்." தட்டலாம் என்று உட்கார்ந்தவன், வாசனை வந்ததும் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். உன்னோடு பேசி நாளாகிவிட்டது. நீ இருந்தவரைக்கும் நான் பேசுவேன், நீ "வாய மூடுடா" என்பாய். இப்போது மூடச் சொல்ல ஆள் இல்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுவேன், பொறுத்துக்கொள்.

நீ ஓட்டுநர், நான் உன் கெலிந்தான். இடது பக்கச் சீட்டில் உட்கார்ந்து, சாமான் ஏற்றி இறக்கி, உனக்குத் தூக்கம் வராமல் கதை பேசி, லோரி பின்னால் போகும்போது இறங்கி நின்று தொண்டை கிழியக் கத்துகிறவன். கெலிந்தான் வேலைக்குப் படிப்பு வேண்டாம், தொண்டை வேண்டும். தோட்டப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்போடு நின்ற எனக்கு அளவெடுத்துத் தைத்த வேலை. நீ ஆறாம் வகுப்பு முடித்தவன், பெரிய படிப்பாளி, அதனால் உனக்கு ஸ்டேரிங்.

சுங்கை சிப்புட் பக்கம் நாம் பிறந்த தோட்டத்தில் ரப்பர்ப் பால் தந்த கித்தா மரத்தை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை போட்டார்கள். செம்பனையையும் பாதி வெட்டி வீடு கட்டிவிட்டார்கள். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நீ ஹார்னை ஒரு தடவை அடிப்பாய். "யாருக்கு, கொசுவுக்கா?" என்று கேட்பேன். நீ அடுத்த கியரைப் போடுவாய்.

இனிப்பு நீர் வியாதி முதலில் உன் வலது கால் கட்டைவிரலைக் கேட்டது. கொடுத்தோம். பிறகு பாதத்தைக் கேட்டது. பிறகு கேட்காமலே முழங்காலுக்குக் கீழே மொத்தத்தையும் எடுத்துக்கொண்டது. வலது கால், ஓட்டுகிறவனின் கால். ஈப்போ ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்ததும் போர்வையைத் தடவிப் பார்த்துவிட்டு, "பிரேக்குக் கால எடுத்துட்டானுங்களாடா?" என்றாய்.

"கிளட்சு இருக்குலா. தள்ளி ஸ்டார்ட் பண்ணிக்கலாம்" என்றேன்.

பக்கத்துக் கட்டில்காரர் என்னை முறைத்தார். நீ சிரித்தாய். நான் உடைந்துவிடக் கூடாது என்றுதான் நீ அன்றைக்குச் சிரித்தாய் என்பது எனக்கு வெகு நாள் கழித்துத்தான் புரிந்தது.

கம்பெனி உன் லோரிக்கு வேறு ஓட்டுநரைப் போட்டது. சரக்கை இனிமேல் ஃபோர்க்லிஃப்ட் ஏற்றும், இறக்கும், கெலிந்தான் வேண்டாம் என்றது. ஒரு காலை வெட்டியதில் இரண்டு பேருக்கு வேலை போயிற்று.

அப்போதுதான் உன் மகள் இந்தப் பெட்டியைக் கொண்டு வந்தாள். ஸ்டேரிங், கீழே மிதிக்கிற பெடல், பெரிய திரை, லோரி ஓட்டுகிற விளையாட்டு. படம் கண்ணாடி மாதிரித் தெரியட்டும் என்று, தன் சம்பளத்தில் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றைத் தனியாக வாங்கி உள்ளே பொருத்தியிருந்தாள். "சின்னப் புள்ளைங்க வெளையாட்டுலா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாய். யாரோ ஒரு புண்ணியவான் நம் ஊர்ச் சாலைகளையே அந்த விளையாட்டுக்குள் போட்டு வைத்திருந்தார். டோல் சாவடி, பச்சைப் பலகை, வெள்ளையாக உரிந்து நிற்கும் ஈப்போச் சுண்ணாம்பு மலை. மலை திரையில் தெரிந்ததும் நாற்காலியை முன்னால் இழுத்தாய். மிச்சமிருந்த இடது காலால் எண்ணெய் கொடுக்கிற பெடலையும் பிரேக்கையும் மாற்றி மாற்றி மிதிக்க நீயே பழகிக்கொண்டாய்.

பெட்டியை ஜன்னல் இல்லாத ஸ்டோர் ரூமில் வைத்தோம். வெளிச்சம் பட்டால் உன் கண் கூசும். அதனால் கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, திரை வெளிச்சத்தில் மட்டும் ஓட்டுவாய். நான் உனக்கு இடது பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வேன். வேறு எங்கே உட்காருவது? "இடது கிலியர், போலாம்." "மோட்டார்காரன் வாரான், விடு அவன." சீனி போடாத கோப்பியோடு வந்து தங்கச்சி கதவைத் தட்டுவாள். "அண்ணே, லோரிய ஓரமா நிறுத்தச் சொல்லுங்க, கோப்பி ஆறுது."

சிரிப்பாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் உன் கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கசிகிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். லேசர் வைத்தார்கள். ஒரு கண் ஏறக்குறையப் போய்விட்டது. இன்னொன்றும் ஒரு நாள் சட்டென்று போகலாம், வலி இருக்காது, துணி போட்டு மூடியது மாதிரி இருக்கும் என்றார். "வலிக்காதாம்டா" என்று நல்ல செய்தி மாதிரி என்னிடம் சொன்னாய்.

அந்தச் சமயத்தில்தான் பெட்டி திக்க ஆரம்பித்தது. நெடுஞ்சாலையில் ஒழுங்காகப் போகும். ஈப்போ டவுனுக்குள் நுழைந்து காரும் மோட்டார் சைக்கிளும் பஸ்ஸும் கூடியதும், படம் அப்படியே நின்று, ஒரு துள்ளுத் துள்ளி, வேறு எங்கோ போய் நிற்கும். நான் "பிரேக்கு" என்று கத்துவதற்குள் லோரி யார் வீட்டுச் சுவரிலாவது மோதியிருக்கும். எனக்கு அது வேடிக்கை. "அவங்க வீட்டுல இன்னைக்கு ரசம் நல்லா இருக்குமாம், உள்ளயே போய்க் குடிச்சிட்டு வா" என்பேன். நீ சிரிக்க மாட்டாய். ஒவ்வொரு தடவை படம் நிற்கும்போதும் என் பக்கம் திரும்பி, "நின்னுச்சா? இல்ல எனக்கு மட்டுமா?" என்று கேட்பாய்.

"எனக்கும்தான்லா நின்னுச்சு. பெட்டிதான்."

"உண்மையாவா?"

இதே பேச்சு தினமும். ஒரு நாள் ஸ்டேரிங்கை விட்டுவிட்டு நீயாகச் சொன்னாய். "படம் நின்னா அது பெட்டியா கண்ணான்னு எனக்குத் தெரியணும்டா. இப்புடி ரெண்டையும் சந்தேகப்பட்டு உக்காந்திருக்க முடியாது. பெட்டிய சரி பண்ணு. அப்புறம் மிச்சத்த நான் பாத்துக்குறேன்."

இனிப்பு நீர் அதற்குள் உன் சிறுநீரகத்தையும் கெடுத்திருந்தது. டயாலிசிஸ் முடித்துத் திரும்பும் வழியில் ஈப்போவில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்கு உன்னைச் சக்கர நாற்காலியோடு கொண்டு போனேன். பெட்டிக்குள் என்னென்ன இருக்கிறது என்று உன் மகள் கைப்பேசியில் அனுப்பியிருந்ததைக் கடை முதலாளி தவுக்கேயிடம் காட்டினேன். நம் ஆட்கள் நிறைந்த புந்தோங்கில் பிறந்து வளர்ந்த சீனர். மலாயில் பேசினாலும் நடுநடுவே தமிழ் வரும்.

"கார்ட மாத்தணும் தவுக்கே. இன்னும் பெருசா ஒண்ணு குடு" என்றாய் நீ.

"எங்க திக்குது? ரோடு காலியா இருக்கிறப்பவா, வண்டி நெறைய இருக்கிறப்பவா?"

"வண்டி நெறைய இருக்கிறப்ப."

"அப்ப கார்டு நல்ல கார்டு அண்ணே. அதத் தொடாத. புரோசசர் பழசு, அதான் முடியல." படம் வரைவது கார்டுதான், ஆனால் எந்த வண்டி எங்கே போகிறது என்று கணக்குப் போட்டுச் சொல்வது புரோசசர், அது சொல்லி முடிக்கும்வரை கார்டு சும்மா காத்திருக்கிறது என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினார்.

நீ என்னைப் பார்த்தாய். கெலிந்தான் வேலை சும்மாவா? மொழிபெயர்த்தேன்.

"மச்சான், நம்ம தோட்டத்துல விடியகால பேரு கூப்புடுற பெரட்டுதான் இது. பால் வெட்டறவன்லாம் வாளியத் தூக்கிக்கிட்டு ரெடியா நிக்கிறான். கிராணி மூக்குக் கண்ணாடியத் தொடச்சித் தொடச்சி ஒவ்வொரு பேரா வாசிச்சி வேலை பிரிச்சா, எவன் எப்ப மரத்துக்குப் போறது?"

"அப்ப கார்டு?"

"நல்ல வெட்டுக்காரன். உன் மவ வாங்குனதுல்ல. கிராணிதான் கெழடு."

சக்கர நாற்காலி ஆடும் அளவுக்குச் சிரித்தாய். தவுக்கே எதற்கு என்று தெரியாமலே கூடச் சிரித்தார். இருக்கிற மதர்போர்டுப் பலகையிலேயே உட்காரக்கூடிய, இதைவிடச் சுறுசுறுப்பான புரோசசர் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "ஆனா பெட்டிய இங்க கொண்டா அண்ணே. பலகைக்குள்ள ஒரு சின்னப் புரோகிராமு இருக்கு, மொதல்ல அதப் புதுசாக்கணும். இல்லாட்டி புது ஆள அதுக்குத் தெரியாது."

நீ எனக்குக் கண்ணைக் காட்டினாய். வெளியே வந்ததும், "கூலிக்கு அடி போடறான்லா. என் வண்டி எஞ்சின இன்னொருத்தன் என்னைக்குத் தொட்டிருக்கான்?" என்றாய். அது உண்மை. லோரி எத்தனை முறை நடுரோட்டில் நின்றாலும் பட்டறைக்காரனை அருகில் விடாமல் நீயே கீழே படுத்துவிடுவாய், நான் டார்ச் பிடிப்பேன். புரோசசரை என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.

உன் விரல்களில் அப்போது உணர்ச்சி குறைந்திருந்தது. கை என்னுடையது, அதிகாரம் உன்னுடையது. பெட்டியைக் கட்டிலில் படுக்க வைத்தோம். "கார்டு பக்கம் ஸ்குரூட்ரைவர் போச்சு, கைய ஒடப்பேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டாய். கார்டு இருந்த இடத்திலேயே இருந்தது. நான் அதன் ஓரமாகக் கையை நுழைத்து, விசிறியைக் கழற்றி, சின்னக் கம்பியை மேலே தூக்கி, கிழட்டுக் கிராணியை எழுப்பினேன். பிஸ்கட்டில் பாதிகூட இல்லை. இதற்கா இத்தனை பேர் பெரட்டில் நின்றார்கள் என்று இருந்தது.

புதியதை மூலை பார்த்து உட்கார வைத்துவிட்டு, சூட்டை இழுக்க அதன் தலையில் தடவுகிற பசையை எடுத்தேன். ஒரு பொட்டு வைத்தேன். நீ விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "என்னடா, சாமிக்குச் சந்தனம் வைக்கிறியா? நல்லா அப்பு" என்றாய். ஆயுசு முழுக்கப் பேரிங்குக்குக் கிரீஸ் வைத்த இரண்டு பேர் சேர்ந்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. டப்பாவில் இருந்ததை எல்லாம் வழித்து அப்பினோம்.

அப்புறம் எலுமிச்சம்பழம் கேட்டாய்.

"எதுக்குடா?"

"புது எஞ்சின் வச்சிட்டு எலுமிச்சம்பழம் நசுக்காம எவன் வண்டிய எடுப்பான்?"

"இதுக்கு டயரு எங்க இருக்கு?"

"டயரு இல்லாட்டி என்ன, பெடல் இருக்குல்ல."

பெடலுக்குக் கீழே பழத்தை வைத்தேன். மிச்சமிருந்த காலால் ஒரே மிதி. சாறு என் முழங்கால்வரை தெறித்தது. கற்பூரமும் காட்ட வேண்டும் என்று தங்கச்சி வந்தாள், நான் கெஞ்சி அனுப்பி வைத்தேன்.

கதவைச் சாத்தினேன். விளக்கை அணைத்தேன். பட்டனை அழுத்தினேன். விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. படம் வரவில்லை. புதுசு, முதல் தடவை கொஞ்சம் நேரம் எடுக்கும்போலிருக்கிறது என்று வாயைத் திறக்காமல் காத்திருந்தேன். என் வாழ்க்கையில் நான் வாயைத் திறக்காமல் இருந்த நேரம் ரொம்பக் குறைவு. அதைப் போய் அங்கே செலவு செய்தேன்.

விசிறி மட்டும் ஓடியது. எலுமிச்சம்பழ வாசனை. உன் மூச்சு கேட்கிறதா என்று நான் கவனிக்கவில்லை, நின்றிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. பிறகு, நம் இத்தனை வருஷத்தில் நான் கேட்டிராத ஒரு சின்னக் குரலில் கேட்டாய்.

"மச்சான், படம் நல்லா ஓடுதா?"

"எங்கடா ஓடுது? ஒண்ணையும் காணோம். கருப்பாவே கெடக்கு."

"உனக்கும் கருப்பா?"

"எனக்கும்தான்லா."

நீ விட்ட மூச்சு அந்த அறை முழுக்க வந்தது. இருட்டில் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாய். தோள் குலுங்கியது. சிரிக்கிறாய் என்று நினைத்து நானும் சிரித்துக்கொண்டே எழுந்து விளக்கைப் போட்டேன். போட்ட பிறகுதான் தெரிந்தது.

"வலிக்கலடா. டாக்டர் சொன்ன மாதிரியே வலிக்கல. அதான் போயிருச்சுன்னு நெனச்சேன். உங்கிட்ட எப்புடிச் சொல்றதுன்னு யோசிச்சிட்டு இருந்தேன்."

தங்கச்சி கதவைத் திறந்து, "என்னண்ணே, ஆக்சிடெண்டா?" என்றாள்.

"வண்டி ஸ்டார்ட் ஆவல தங்கச்சி. ஓட்டுநருக்குக் கோவம்" என்றேன். நீ முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு என்னை ஒரு கெட்ட வார்த்தை சொன்னாய். எல்லாம் சரியாகிவிட்டது போல இருந்தது.

மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனோம். தவுக்கே திறந்து பார்த்துவிட்டுக் கடையில் இருந்த எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். "இது என்ன அண்ணே, ரொட்டிக்குக் காயா ஜாம் பூசுன மாதிரிப் பூசியிருக்க?" என்றார். வழித்துத் துடைத்தார். பழைய கிராணியைத் திரும்ப உட்கார வைத்து, அந்தச் சின்னப் புரோகிராமைப் புதுசாக்கினார். "வாசல்ல காவலுக்கு ஜாகா இருக்கான்ல. புது ஆளு வருவான்னு அவங்கிட்ட நீங்க சொல்லல. அவன் எப்புடிக் கேட்டத் தொறப்பான்?" பிறகு புதியதை வைத்து ஒரு பொட்டுப் பசை, அவ்வளவுதான். படம் வந்தது.

அன்று சாயங்காலமே ஈப்போ டவுனுக்குள் லோரியை விட்டாய். மார்க்கெட் பக்கம் அத்தனை கூட்டம், ஒரு இடத்திலும் திக்கவில்லை. அதே கார்டுதான், அதே திரைதான். ஆனால் நான் "பிரேக்கு" என்றால் அந்த நொடியே லோரி நின்றது. எனக்கு ஒரே சந்தோஷம். மேசையைத் தட்டினேன். நீ ஒரு சிக்னலில் வண்டியை நிறுத்திவிட்டு மெதுவாகச் சொன்னாய்.

"சரி. இனிமே ஏதாச்சும் நின்னா அது நான்தான்."

"பச்சை விழுந்திருச்சு, போலாம்" என்றேன்.

அன்றிலிருந்து நான் ஒன்றைப் பழகிக்கொண்டேன். ஈப்போவிலிருந்து வடக்கே போகும் நெடுஞ்சாலையில் மெனோரா சுரங்கம் வருமே, அதற்கு முன்பே குரல் கொடுத்துவிடுவேன். "சுரங்கம் வருது மச்சான், இப்ப இருட்டும்." "இருட்டட்டும்" என்பாய். உள்ளே போகும். திரை கறுக்கும். மஞ்சள் விளக்குகள் ஓடும். "வெளிய வந்தாச்சு" என்பேன். "வந்தாச்சு, தெரியுது" என்பாய். ஒவ்வொரு ஓட்டத்திலும் இது ஒரு மந்திரம் மாதிரி ஆகிவிட்டது. வெளியில் இருந்து கேட்டால் பைத்தியம் என்பார்கள். தங்கச்சி கேட்டாள், சொன்னாள்.

அந்தச் சனிக்கிழமையும் அப்படித்தான். சரக்கு பட்டர்வொர்த் துறைமுகத்துக்கு. "சுரங்கம் வருது மச்சான்." "இருட்டட்டும்." உள்ளே போனோம். வெளியே வந்தோம். திரையில் நல்ல வெயில், இரண்டு பக்கமும் பச்சை மலை.

"வெளிய வந்தாச்சு" என்றேன்.

லோரி நேராகப் போய்க்கொண்டிருந்தது.

"இன்னும் முடியலயாடா?" என்றாய்.

திரும்பிப் பார்த்தேன். திரையின் வெளிச்சம் உன் முகம் முழுக்க விழுந்திருந்தது. கண் திறந்தே இருந்தது.

"முடிஞ்சிருச்சு மச்சான்."

"பெட்டி?"

"பெட்டி நல்லாத்தான் ஓடுது."

நீ தலையை ஆட்டினாய். "இடது கிலியரா?" என்று கேட்டாய். "கிலியர்" என்றேன். சிக்னல் போட்டாய். காலைத் தளர்த்தினாய். "இன்னும் கொஞ்சம் இடது. கொஞ்சம். போதும். நேரா புடி. பிரேக்கு." ஓரக் கோட்டைத் தாண்டி, பின்னால் வருகிறவனுக்கு ஒரு தொந்தரவும் இல்லாமல் லோரி நின்றது. தடவிப் பார்த்து நாலு பக்க விளக்கையும் போட்டாய். கைப்பிரேக்கை இழுத்தாய். உன் இத்தனை வருஷ ஓட்டத்தில் அவ்வளவு சுத்தமாக ஒரு லோரியை நீ ஓரங்கட்டி நான் பார்த்ததில்லை. அதற்கு அப்புறம்தான் ஸ்டேரிங்கிலிருந்து கையை எடுத்தாய். ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவர்களால் செய்ய ஒன்றும் இல்லை.

பெட்டியை மூடி வைத்துவிடலாம் என்று தங்கச்சி சொன்னாள். நானும் அதைத்தான் நினைத்தேன். கொஞ்ச நாள் கழித்து நீயே என்னைக் கூப்பிட்டு அனுப்பினாய்.

"முன்னால போறது வேணாம்டா. கிடங்குல லோரிய நிறுத்தி வச்சிக் குடு. ரிவர்சு மட்டும் போடலாம்."

"ரிவர்சா? அதுதான்டா கஷ்டம்."

"எனக்கு என்ன கஷ்டம்? ரிவர்சுல நான் எப்படா பாத்தேன்? நீ பின்னால நின்னு கத்துவ, நான் விடுவேன். எல்லா நாளும் குருட்டாம்போக்குத்தான்."

அப்படியே ஆரம்பித்தோம். "வா, வா, வா. வலது ஒடி. இன்னும். நேராக்கு. வா. ஓப்." ஒரு சுவரிலும் இடிக்கவில்லை. பழைய புரோசசராக இருந்திருந்தால் என் குரல் ஒரு இடம், லோரி ஒரு இடம் என்று போயிருக்கும். உன் மகள் வாங்கிய கார்டு அத்தனை அழகாக வரைந்த படத்தை அப்போதெல்லாம் நான் ஒருவன்தான் பார்த்தேன். கிடங்கு, கதவு, ஈரத் தரையில் லோரியின் நிழல். உனக்குச் சொல்லிக்கொண்டே இருப்பேன். "வாய மூடுடா, ரூட்ட மட்டும் சொல்லு" என்பாய்.

பிறகு காய்ச்சல் வந்தது. டயாலிசிஸ் குழாய் வழியாகக் கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். வார்டில் நான் பேசியது எல்லாம் உனக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. அங்கே நீ ஒரு தடவைகூட என்னை வாயை மூடச் சொல்லவில்லை.

உன்னைக் கொண்டுபோக வந்த வண்டி உன் வீட்டுச் சந்தில் பின்னாலேயே வர வேண்டியிருந்தது. இரண்டு பக்கமும் கார், மோட்டார், பூந்தொட்டி. யாரும் சொல்லாமலே நான் பின்னால் போய் நின்று கையைத் தூக்கி, "வா, வா" என்றேன். ஓட்டியவர் கண்ணாடியை இறக்கி, மரியாதையாகத்தான் சொன்னார். "அண்ணே, கேமரா இருக்கு. கொஞ்சம் ஓரமா நில்லுங்க." நின்றேன். வண்டி தானாகவே சரியாக வந்து நின்றது. உன் கடைசிப் பயணத்துக்கு நான் தேவைப்படவில்லை.

உன்னை வாரத்துக்கு மூன்று நாள் தூக்கி இறக்கியதைப் பார்த்தே அந்த டயாலிசிஸ் நிலையத்தில் எனக்கு வேலை கொடுத்துவிட்டார்கள். அவர்களுடைய வேனில் போய் ஆட்களை ஏற்றி வருகிறேன், உட்கார வைக்கிறேன், திரும்ப இறக்கிவிடுகிறேன். மறுபடியும் கெலிந்தான்தான், இந்தச் சாமான் மட்டும் திருப்பிப் பேசுகிறது. சர்க்கரை போட்ட கோப்பி எங்கே கிடைக்கும் என்று என்னிடமே ரகசியமாக விசாரிக்கிறார்கள். பாதிப் பேருக்குக் கால் இல்லை. பாதிப் பேர் என் முகத்தைப் பார்ப்பதற்குப் பதில் என் குரல் வரும் பக்கம் முகத்தை வைத்துக்கொள்கிறார்கள்.

போன வாரம் ஒரு மத்தியானம் பெரிய இடி ஒன்று விழுந்து அங்கே கரண்ட் போனது. அந்தக் கூடத்துக்கு ஜன்னல் கிடையாது. மிஷின்கள் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றின் விளக்குகள் நல்ல கண் உள்ளவனுக்கே பொட்டுப் பொட்டாகத்தான் தெரிந்தன. ஜெனரேட்டர் வரக் கொஞ்சம் நேரம் ஆகும். நர்சுகள் டார்ச் தேடினார்கள். நாற்காலிகளில் படுத்திருந்தவர்கள் ஒருவரும் பேசவில்லை. அந்த அமைதி எனக்குத் தெரிந்த அமைதி, மச்சான். என் வாய் என்னைக் கேட்காமலே திறந்துகொண்டது.

"கரண்டு போச்சுங்க. எல்லாருக்கும் இருட்டுதான். எனக்கும் ஒண்ணும் தெரியல."

"அண்ணே, அதக் கத்தித்தான் சொல்லணுமா?" என்றாள் ஒரு நர்ஸ். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். கடைசி வரிசைப் பக்கம் யாரோ ஒருவர் அடக்கி வைத்திருந்த மூச்சை நீளமாக விட்டார்.

விளக்கு வந்த பிறகு அது யார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.